பசித்திருந்தேன் என்பதும் கவனிக்கப்படவில்லை என்பதும்

திருகோணமலையில் இறுதியாண்டு ஆய்வு செய்யும் ஒரு மாணவி கேட்ட கேள்விக்கான பதில் இது. சிறுவயதுக் கொடுமைகளையும் புறக்கணிப்பையும் அளக்கும் 28 கூற்றுகள் கொண்ட 'சிறுவயது அதிர்ச்சி வினாக்கொத்தை' (CTQ) தமிழாக்கி, 18 முதல் 25 வயது வரையான 180 பேரிடம் நிரப்பி வாங்கியிருக்கிறார். ஒரு பகுதியின் கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்ணான அல்ஃபா, மற்றப் பகுதிகளுக்கெல்லாம் 0.8ஐத் தாண்டுகிறது. உடல்சார் புறக்கணிப்புக்கு மட்டும் 0.52. எந்தக் கூற்றை நீக்கினால் 0.7க்கு மேலே வரும் என்பது அவருடைய கேள்வி. கடைசியில் இன்னொரு வரியும் எழுதியிருக்கிறார். தானே நிரப்பிப் பார்த்தபோது அந்தப் பகுதியில் 10 புள்ளி வந்ததாம், கையேட்டின்படி அது 'மிதமானது முதல் கடுமையானது வரை' என்ற வகுப்பாம். சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து முகாமில் வளர்ந்தவர். அம்மா குவைத்துக்கு வேலைக்குப் போனார், அம்மம்மாதான் வளர்த்தார். "என்னை யாரும் கவனிக்காமல் விட்டதாக எனக்குத் தோன்றியதே இல்லை" என்று முடித்திருக்கிறார்.

இரண்டு கேள்விபோல இருந்தாலும் எனக்கு இது ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. எங்கள் பிள்ளைகளில் யார் கவனிப்பாரற்று வளர்ந்தார்கள் என்பதை இந்தத் தாளால் கண்டுபிடிக்க முடியுமா? அல்ஃபா அதற்குப் பதில் சொல்லாது. உங்கள் கடைசி வரி ஓரளவு சொல்கிறது.

நான் சுனாமிக்குப் பிந்திய ஆண்டிலிருந்து இந்த மாவட்டத்தில் உளவளத்துணை வேலை செய்கிறேன். வந்துபோன ஆய்வுக் குழுக்களுக்கு வினாக்கொத்துகளைத் தமிழாக்குவதும், ஆக்கியதை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சனத்தோடு இருந்து வாசித்துப் பார்ப்பதும் அந்த வேலையில் ஒரு பெரிய பங்கு. புள்ளிவிபரம் தேவைக்குப் படித்ததுதான். சிக்கலான கணக்குகளை உங்கள் விரிவுரையாளரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வாசிக்கிறவர் என்ன விளங்கிக்கொள்கிறார் என்ற பக்கத்தில் நான் சொல்வதை நம்பலாம்.

முதலில் உறுதியாகத் தெரிந்தவை. டேவிட் பேர்ன்ஸ்டீனும் லோரா ஃபிங்கும் அவர்களோடு இருந்தவர்களும் உருவாக்கிய இந்த வினாக்கொத்து 1994இல் 70 கூற்றுகளோடு வெளிவந்தது. பிறகு வந்த சுருக்க வடிவம்தான் உங்கள் கையில் இருப்பது. ஐந்து பகுதிகள், பகுதிக்கு ஐந்து கூற்றுகள், அதோடு 'என் குடும்பத்தில் குறையே இல்லை' என்று மிகைப்படுத்திச் சொல்கிறவரை அடையாளம் காண இன்னும் மூன்று. உடல்சார் புறக்கணிப்புப் பகுதி பலவீனமாக வருவது உங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. வேறு பல நாடுகளிலும் பல மொழிகளிலும் ஐந்து பகுதிகளில் அல்ஃபா குறைவாக வருவது பெரும்பாலும் இந்தப் பகுதிக்குத்தான். அதனால் ஏதோ பெரிய பிழை செய்துவிட்டேன் என்று பயப்பட வேண்டாம். எங்கேயும் குறைவாகத்தான் வருகிறது என்று எழுதிவிட்டுக் கடந்துபோகவும் வேண்டாம். உங்கள் தாளில் அது குறைந்ததற்கு உங்களுக்கே உரிய காரணங்கள் இருக்கலாம்.

ஐந்து கூற்றுகளுக்கு அல்ஃபா 0.52 என்றால் அவற்றுக்கு இடையிலான சராசரித் தொடர்பு ஏறத்தாழ 0.18. அதாவது ஒன்றுக்கு 'அடிக்கடி' என்று போட்டவர் மற்றதற்கும் அப்படியே போடுவார் என்று சொல்ல முடியாது. அப்படிச் சொல்ல முடிந்தாக வேண்டுமா என்பதைத்தான் யோசிக்க வேண்டும். மனச்சோர்வை அளக்கும் தாளில் நித்திரை இல்லாததும் பசி இல்லாததும் அழுகையும் சேர்ந்து வரும், ஏனென்றால் உள்ளே இருக்கிற ஒரே நோய்தான் மூன்றையும் வெளியே தள்ளுகிறது. உடல்சார் புறக்கணிப்பில் கேட்கப்படுவன வேறு மாதிரியானவை: சாப்பாடு போதாமை, பெற்றோர் குடியிலோ போதையிலோ கிடந்து குடும்பத்தைப் பார்க்காமை, அழுக்கு உடுப்பு, பாதுகாக்க ஆள் இருந்ததா, மருத்துவரிடம் கூட்டிப்போக ஆள் இருந்ததா. இவை ஒரே ஊற்றிலிருந்து வர வேண்டியதில்லை. தகப்பன் குடித்துவிட்டு விழுந்து கிடக்கிற வீட்டில் தாய் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைப் பளிச்சென்று தோய்த்துக் கொடுத்திருப்பாள். அப்படிப்பட்ட வீடுகள் எனக்கு நிறையத் தெரியும். கூரையில் ஐந்து ஓட்டை இருந்தால் ஐந்தும் ஒன்றுக்கொன்று தொடர்புடையவையாக இருக்கத் தேவையில்லை, வீடு எப்படியும் ஒழுகும். கூற்றுகள் இப்படித் தனித்தனிக் காரணங்களாக இருக்கும் இடத்தில் அல்ஃபா பொருத்தமான அளவுகோலே அல்ல என்று உளவியல் அளவீட்டு அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். புறக்கணிப்பு அந்த வகையா இல்லையா என்பதில் அவர்களுக்குள் இன்னும் முடிவு வரவில்லை. நான் அந்த வகைதான் என்ற பக்கம் சாய்கிறேன்.

ஆகவே நீக்காதீர்கள். குடியைப் பற்றிய கூற்றை எடுத்துவிட்டால் அல்ஃபா ஏறலாம். ஆனால் நாட்கூலியை அப்படியே சாராயக் கடையில் வைத்துவிட்டு வரும் தகப்பனின் பிள்ளை உங்கள் ஆய்விலிருந்து காணாமல் போய்விடும். எண் அழகாகும், அளப்பது சுருங்கிவிடும்.

இனி எனக்கு அதிகம் சொல்ல இருக்கிற இடத்துக்கு வருகிறேன். நீங்கள் தமிழாக்கிய தாளை நிரப்பியவர்களில் ஒருவரோடாவது பக்கத்தில் இருந்து, "இதை வாசித்ததும் உங்களுக்கு என்ன நினைவு வந்தது? ஏன் இந்தக் கட்டத்தில் போட்டீர்கள்?" என்று கேட்டீர்களா? உங்கள் கேள்வியில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. முன்னோக்கி ஒருவர், பின்னோக்கி ஒருவர் மொழிபெயர்த்து ஒப்பிட்டதாக மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அது தேவைதான். ஆனால் மொழிபெயர்த்த இருவரும் படித்தவர்கள், இருவரும் ஆங்கிலத் தாளை மனதில் வைத்துக்கொண்டு தமிழை வாசிக்கிறவர்கள். வெருகல் பக்கத்தில் ஒன்பதாம் வகுப்போடு நின்ற ஒரு பொடியன் அப்படி வாசிக்க மாட்டான்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன், வேறொரு ஆய்வுக்காக இதே போன்ற ஒரு தாளைச் சோதித்துக்கொண்டிருந்தோம். ஒரு கூற்று, 'எனக்குச் சாப்பிடப் போதியளவு இருக்கவில்லை' என்று இருந்தது. விடைக் கட்டங்களில் முதலாவது, 'ஒருபோதும் இல்லை'. முகாமில் வளர்ந்த ஒரு இளைஞர் தயங்காமல் முதலாவது கட்டத்தில் புள்ளடி போட்டார். கணக்குப்படி அவர் பசியே அறியாதவர். பிறகு பேசும்போதுதான், நிவாரண அரிசி வராத நாட்களில் வெறும் தேத்தண்ணீரோடு படுத்த கதையைச் சொன்னார். "அப்ப ஏன் 'ஒருபோதும் இல்லை' என்று போட்டீங்க?" என்று கேட்டேன். "ஓம், போதியளவு இருக்கவில்லை. ஒருபோதும் இல்லை. சரிதானே?" என்றார்.

அவர் சொன்னதில் பிழை இல்லை. தமிழில் 'இருக்கவில்லை' என்பதற்குப் பக்கத்தில் 'ஒருபோதும் இல்லை' என்று வைத்தால் இரண்டு இல்லைகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதில்லை, ஒன்றுக்கொன்று பலம் சேர்க்கின்றன. 'யாரும் ஒருபோதும் வரவில்லை' என்று நாங்கள் பேசுவதும் அப்படித்தான். இதன் விளைவு என்னவென்று பாருங்கள். அதிகம் பசித்திருந்தவர், வயிறார உண்டவரின் கட்டத்தில் போய் விழுகிறார். ஒரு பகுதியில் இப்படி ஒரே ஒரு கூற்றில் பத்துப் பேர் தலைகீழாகப் போட்டாலே தொடர்பு விழுந்துவிடும். உங்கள் 180 தாள்களையும் எடுத்து, சாப்பாட்டுக் கூற்றில் முதலாவது கட்டமும் அழுக்கு உடுப்பில் நான்காவது ஐந்தாவது கட்டமும் போட்டவர்களைத் தனியாக வையுங்கள். எண்ணிக்கை கொஞ்சம் பெரிதாக இருந்தால் உங்கள் 0.52இன் ஒரு பகுதி அங்கேதான் இருக்கிறது. 'சாப்பாடு போதாமல் பசியோடு இருந்தேன்' என்று நேராக எழுதி, கட்டங்களை 'அப்படி நடக்கவே இல்லை' என்பதில் தொடங்கினால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கட்டங்களின் சொற்களிலேயே இன்னொரு பொறி இருக்கிறது. மூன்றாவது கட்டத்துக்குப் பொதுவாகச் 'சிலவேளை' என்று போடுவார்கள். எங்கள் பேச்சில் 'சிலவேளை' என்றால் 'ஒருவேளை', 'இருக்கலாம்' என்ற பொருளும் உண்டு: "சிலவேளை அவர் நாளைக்கு வருவார்". அதனால் நினைவு தெளிவில்லாதவர்கள், 'தெரியாது, இருக்கலாம்' என்ற எண்ணத்தில் நடுக் கட்டத்தைத் தொட்டிருக்கிறார்கள். 'எப்பவாவது', 'இடைக்கிடை', 'அடிக்கடி' என்று போட்டுப் பார்த்தபோது இந்தக் குழப்பம் வரவில்லை. 'அரிதாக' என்ற சொல்லும் உதவாது, பாடப்புத்தகத்துக்கு வெளியே அதை யாரும் சொல்வதில்லை.

'நேசிக்கப்பட்டதாக உணர்ந்தேன்' என்பதை எத்தனை தாள்களில் பார்த்துவிட்டேன். எந்தத் தாயும் பிள்ளையிடம் அப்படிப் பேசியதில்லை. 'என்னில பாசமாக இருந்தார்கள்' என்று எழுதுங்கள், உடனே விளங்கும். 'முக்கியமானவர் என்று உணரச் செய்தார்கள்' என்பதை மூத்த பிள்ளைகள் சிலர் வேறுவிதமாகத்தான் எடுத்தார்கள். "ஓம், நான்தான் தம்பி தங்கச்சியைப் பார்த்தது, தண்ணி அள்ளினது, சமைச்சது. நான் இல்லாட்டி வீடு ஓடாது." அவர்கள் சொன்னது பிள்ளைக்குக் கிடைத்த மதிப்பைப் பற்றி அல்ல, அதன் தலையில் ஏறிய சுமையைப் பற்றி. தாளில் அது நல்ல புள்ளியாகப் பதிவானது.

'பெற்றோர்' என்ற சொல்லைப் பற்றியும் யோசியுங்கள். அம்மம்மா வளர்த்தவர் யாரை நினைத்து நிரப்புவார்? கிண்ணியாவிலும் மூதூரிலும் தாளை நிரப்பிய முஸ்லிம் பிள்ளைகளுக்கு உம்மாவும் வாப்பாவும்தான் பழக்கம். விளக்கக் குறிப்பில் 'அம்மா, அப்பா' என்று மட்டும் இருந்தால் அவர்களுக்கும் விளங்கும்தான், ஆனால் வேறு யாருக்கோ எழுதிய தாள் என்ற தூரம் வந்துவிடும். 'உங்களை வளர்த்தவர்கள்' என்று எழுதுவது இருவருக்கும் பொருந்தும். 'புறக்கணிப்பு' என்ற தலைப்பையும் தாளின் மேலே போடாதீர்கள். செய்தித்தாளில் அந்தச் சொல் தேர்தலுக்கும் வகுப்புக்கும் வேண்டுமென்றே போகாமல் விடுவதற்குத்தான் வருகிறது. வேண்டுமென்று செய்தார்களா என்று கேட்பதாக எடுத்துக்கொண்டால் எந்தப் பிள்ளையும் தன் தாயைப் பற்றி ஓம் என்று சொல்லாது.

இவையெல்லாம் நானும் என்னோடு வேலை செய்தவர்களும் சில பத்துப் பேரோடு இருந்து கேட்டவை. இதைப் பெரிய மாதிரியில் எண்ணிக் காட்டிய ஆய்வாக எடுக்கக்கூடாது. ஆனால் இப்படிப் பேசிப் பார்ப்பதற்கு எண்ணிக்கை பெரிதாக வேண்டியதும் இல்லை. ஒரே இடத்தில் மூன்று பேர் தடுக்கி விழுந்தால் அங்கே கல் இருக்கிறது.

சொற்களைத் திருத்திய பிறகும் ஒரு சிக்கல் மிஞ்சும், அது சொல்லில் இல்லை. வறுமையையும் புறக்கணிப்பையும் இந்தப் பகுதியால் பிரித்தறிய முடியாது. கணக்கைப் பாருங்கள். இந்தப் பகுதியில் ஆகக் குறைந்த புள்ளி 5, கூடியது 25. கையேட்டின்படி 8, 9 வந்தால் 'குறைந்தது முதல் மிதமானது வரை', 10 முதல் 12 வரை 'மிதமானது முதல் கடுமையானது வரை', 13இலிருந்து 'கடுமையானது முதல் மிகக் கடுமையானது வரை'. முகாமில் வளர்ந்த ஒருவர் பசிக்கு 'அடிக்கடி' என்று 4 புள்ளியும், தண்ணீர்த் தட்டுப்பாட்டில் அழுக்கு உடுப்போடு திரிந்ததற்கு நடுக் கட்டத்தில் 3 புள்ளியும் போடுகிறார் என்று வையுங்கள். மற்ற மூன்றிலும் அவருக்கு எந்தக் குறையும் இல்லை, தலா 1. கூட்டினால் 10. தான் பட்டினி கிடந்து பிள்ளைக்கு ஊட்டிய தாயின் பிள்ளைக்கு 'மிதமானது முதல் கடுமையானது வரையான புறக்கணிப்பு' என்று எழுதிவிடுகிறோம். மருத்துவரிடம் கூட்டிப்போன கூற்றும் அப்படித்தான். 2009இல் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவிலிருந்து இரவில் ஒரு பிள்ளையைத் திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதென்றால் பெரும்பாலும் படகுத்துறையைக் கடந்தாக வேண்டும். சண்டை நடந்த நாட்களில் அதுவும் இல்லை. கூட்டிப்போக ஆள் இருந்தது, வழிதான் இல்லை. இந்த வகுப்பு எல்லைகள் அமெரிக்க மாதிரிகளை வைத்து வகுக்கப்பட்டவை. அவற்றை இங்கே அப்படியே எடுத்து, இத்தனை வீதம் பேர் புறக்கணிக்கப்பட்டவர்கள் என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. புள்ளியைப் புள்ளியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

தாய் வெளிநாடு போவதைப் பற்றியும் ஒரு சொல். 2013இல் இலங்கை அரசு கொண்டுவந்த குடும்பப் பின்னணி அறிக்கை முறை, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்மார் வீட்டுப் பணிப்பெண்ணாகப் போவதைத் தடுத்தது. தாய் இல்லாவிட்டால் பிள்ளை கவனிப்பாரற்றுப் போகும் என்ற கருத்து அதற்குள் இருக்கிறது. சில வீடுகளில் அது உண்மை, நானே பார்த்திருக்கிறேன். வேறு வீடுகளில் அம்மம்மாவும் சித்தியும் பக்கத்து வீட்டு அக்காவும் சேர்ந்து ஒரு பிள்ளையைக் குறைவில்லாமல் வளர்த்திருக்கிறார்கள். தாய் எங்கே இருந்தார் என்று மட்டும் கேட்டால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

0.8க்கு மேல் வந்த பகுதிகள் பாதுகாப்பானவை என்று விட்டுவிட வேண்டாம். குறிப்பாக உணர்வுசார் புறக்கணிப்பு. அதன் ஐந்து கூற்றுகளும் நல்லதையே கேட்கின்றன: பாசம் இருந்ததா, நெருக்கம் இருந்ததா, குடும்பம் பலமாக இருந்ததா. விடையைத் திருப்பித்தான் புள்ளி போடுகிறோம். ஐந்தும் ஒரே திசையில் இருப்பதால், அலுப்பில் ஒரே நிரலில் புள்ளடி போட்டுக்கொண்டு போகிறவர்களும் அல்ஃபாவை உயர்த்திக் கொடுப்பார்கள். உடல்சார் பகுதியில் மூன்று நேர், இரண்டு திருப்பம் என்று கலந்திருப்பதால் அதே ஆட்கள் அங்கே அல்ஃபாவைக் குறைப்பார்கள். இரண்டு பகுதிகளுக்கும் இடையே நீங்கள் பார்க்கும் வித்தியாசத்தில் ஒரு பங்கு இதனாலும் வந்திருக்கலாம்.

எங்கே வைத்து நிரப்பினார்கள் என்பதும் முக்கியம். விரிவுரை மண்டபத்தில் தோளோடு தோள் உரச இருந்து, பக்கத்தில் இருப்பவர் பார்க்க நிரப்பிய தாளில் வீட்டுக் குறை வெளியே வருவது கடினம். 'உலகத்திலேயே சிறந்த குடும்பம் எனது' என்ற பொருளில் வரும் மூன்று கூற்றுகளும் மறைப்பைக் கண்டுபிடிக்க வைக்கப்பட்டவை. மாதா பிதா குரு தெய்வம் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த பிள்ளை அதற்கு ஓம் என்றுதான் போடும். அது மறைப்பா, மரியாதையா என்று அந்த மூன்றையும் வைத்து என்னால் சொல்ல முடியாது. ஆனாலும் அவற்றை எண்ணாமல் விடாதீர்கள். மூன்றுக்கும் உச்சப் புள்ளி போட்டவர்களை எடுத்துவிட்டு ஒருமுறை, வைத்துக்கொண்டு ஒருமுறை கணக்குப் பாருங்கள்.

இனி, வளர்ந்த பிறகு சொல்கிற நினைவை எவ்வளவு நம்பலாம் என்ற பெரிய கேள்வி. இதில் உறுதியான தரவு இருக்கிறது, ஆனால் அதை விளங்கிக்கொள்ளும் விதத்தில் கவனம் வேண்டும். ஜெசி போல்ட்வின், ஆண்ட்ரியா டனீசி முதலானோர் 2019இல் 16 ஆய்வுகளை, 25,000க்கும் அதிகமானோரின் தரவைச் சேர்த்துப் பார்த்தார்கள். சிறுவயதிலேயே பதிவானதற்கும் வளர்ந்தபின் தாங்களே சொன்னதற்கும் இருந்த உடன்பாடு, கப்பா என்ற அளவில் 0.19 (முழு உடன்பாடு என்றால் 1). மிகக் குறைவு. பதிவு இருந்தவர்களில் பாதிக்குச் சற்று மேல், 52 வீதம், பிறகு கேட்டபோது சொல்லவில்லை. தாங்களாகச் சொன்னவர்களில் 56 வீதத்தினருக்குப் பதிவு இல்லை. இதைக் கேட்டதும் 'அப்போ சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்கள்' என்று முடிவுகட்டுவது பெரிய அநியாயம். வீட்டுக்குள் நடப்பதில் எவ்வளவு பதிவாகிறது? சொல்லாமல் விடுவதுதான், இல்லாததைச் சொல்வதைவிட அதிகம் நடக்கிறது என்று 2004இலேயே ஹார்ட், ரட்டர் இருவரும் தொகுத்துக் காட்டியிருக்கிறார்கள். புறக்கணிப்பில் இது இன்னும் கடினம். அடி விழுந்த நாள் நினைவில் நிற்கும். யாரும் தூக்காமல் விட்ட நாள் எப்படி நிற்கும்? மூன்று வயதுக்கு முன் நடந்தது பெரும்பாலும் எவருக்கும் நினைவில் நிற்பதில்லை, ஆனால் கவனிப்பின்மை ஆழமாகப் பாதிக்கும் வயது அதுதான்.

2020இல் டனீசியும் கெத்தி வைடமும் வெளியிட்டது இதைவிட யோசிக்க வைப்பது. 1967க்கும் 1971க்கும் இடையில் அமெரிக்காவில் நீதிமன்றப் பதிவு இருந்த பிள்ளைகளை வளர்ந்த பிறகு தேடிப்போய்க் கேட்ட ஆய்வு அது. தாங்களே 'எனக்கு அப்படி நடந்தது' என்று சொன்னவர்களிடம், பதிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், மனநோய்கள் அதிகம் காணப்பட்டன. பதிவு மட்டும் இருந்து தாங்கள் சொல்லாதவர்களிடம் அவ்வளவு இல்லை. அப்படியென்றால் இந்தத் தாள் அளப்பது ஒருவர் தன் பிள்ளைக் காலத்தை இன்று எப்படிச் சுமக்கிறார் என்பதை. அது சிகிச்சைக்கு மிகப் பெறுமதியான விஷயம். வழக்குக்கோ ஒரு தாயைத் தீர்ப்பிடவோ அது சாட்சி ஆகாது. அமெரிக்காவில் கண்ட இந்த வடிவம் எங்கள் ஊருக்கும் அப்படியே பொருந்துமா என்பது திறந்த கேள்வி. இங்கே ஒப்பிட்டுப் பார்க்கப் பதிவும் குறைவு. குடும்பநல மருத்துவமாது எழுதிய எடைக் கோடு உள்ள கிளினிக் கொப்பி யாரிடமாவது பத்திரமாக இருந்தால் அது ஒரு பொக்கிஷம். இடம்பெயர்ந்த குடும்பங்களில் பெரும்பாலானவற்றில் அது தொலைந்துவிட்டது.

உங்களுக்கு இருக்கிற நேரத்தில் என்ன செய்யலாம்? பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள். நகரத்திலும் கிண்ணியாவிலும் மூதூர்ப் பக்கத்திலும் குச்சவெளியிலும் இருந்து வரட்டும், அதிகம் படிக்காதவர்கள் பாதியாவது இருக்கட்டும். ஒவ்வொருவரோடும் ஒரு மணிநேரம் இருந்து, ஒவ்வொரு கூற்றையும் தங்கள் சொல்லில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். திருத்திய தாளைப் புதிதாக ஒரு குழுவுக்குக் கொடுத்து, அவர்களில் நாற்பது ஐம்பது பேரிடம் இரண்டு கிழமை கழித்து மறுபடியும் வாங்குங்கள். உடல்சார் பகுதிக்கு, விடைகள் காலப்போக்கில் நிலையாக நிற்கின்றனவா என்பது அல்ஃபாவைவிட நேர்மையான சோதனை. முடிந்தால் சகோதரங்கள் சில சோடிகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். இலண்டனில் அன்டோனியா பிஃபுல்கோவும் குழுவினரும் அக்கா தங்கச்சி சோடிகளைக் கொண்டு இப்படிச் சரிபார்த்திருக்கிறார்கள். அவர்களுடைய நேர்காணல் முறையில் 'பாசம் இருந்ததா' என்று தீர்ப்பைக் கேட்பதில்லை. யார் சமைத்தது, காய்ச்சல் வந்தபோது யார் பக்கத்தில் இருந்தது, பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு யார் வந்தது என்று நடந்ததைக் கேட்டு, தீர்ப்பைப் பயிற்சி பெற்றவரே இடுகிறார். பன்னிரண்டு பேரிடம் பேசும்போது நீங்களும் அப்படிக் கேட்டு எழுதிவைத்தால், தாள் சொல்வதோடு ஒப்பிட உங்களிடம் ஏதாவது இருக்கும். தமிழ், முஸ்லிம் மாணவர்களிடம் தாள் ஒரே மாதிரி வேலை செய்கிறதா என்ற காரணிப் பகுப்பாய்வை 180 பேரை வைத்துச் செய்ய வேண்டாம், தொகை போதாது. இன்னொன்று, இது பதிப்புரிமை உள்ள வினாக்கொத்து. தமிழாக்கவும் சொல்லை மாற்றவும் உரியவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை என்றால் இப்போதே எழுதுங்கள்.

தாளை நிரப்பியபின் யாராவது கண் கலங்கி நின்றால் யாரிடம் அனுப்புவது என்று முன்கூட்டியே முடிவு செய்து வையுங்கள். பெரும்பாலானோர் அமைதியாக நிரப்பிவிட்டுப் போவார்கள். சிலர் போக மாட்டார்கள். மனநல உதவிக்கு 1926, பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை இப்போது ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929. தாளின் கடைசியில் அச்சிட்டு, கிழித்து எடுத்துப்போகக் கூடியதாக விடுங்கள்.

இனி உங்கள் 10 புள்ளி. உங்கள் தாளைத் திரும்ப எடுத்து அந்த ஐந்து கூற்றுகளை மட்டும் பாருங்கள். பசியும் உடுப்பும் சேர்ந்து 7 புள்ளி தந்து, பாதுகாக்க ஆள் இருந்தது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆள் இருந்தது என்பவற்றில் குறையே இல்லை என்று வந்திருந்தால், அந்த எண் முகாமைப் பற்றியது. உங்கள் அம்மம்மாவைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. புள்ளி அந்த இரண்டு ஆள் கூற்றுகளிலிருந்து வந்திருந்தால் கொஞ்சம் நின்று யோசியுங்கள். 'தோன்றியதே இல்லை' என்பதையும் நான் முழு விடையாக எடுக்க மாட்டேன். வளர்த்தவர்மேல் உள்ள பாசத்தால் நாங்கள் பலவற்றைக் குறைத்துச் சொல்கிறோம். அப்போதும் 'மிதமானது முதல் கடுமையானது வரை' என்ற அச்சிட்ட வரி உங்களைப் பற்றிய முடிவு ஆகாது. காய்ச்சல் இரவுகளில் யார் பக்கத்தில் இருந்தார் என்ற கேள்வியை உங்களிடமே கேட்டுப் பாருங்கள். அம்மம்மா உயிரோடு இருந்தால், அந்த முகாம் நாட்களில் அடுப்பில் என்ன இருந்தது, இல்லாத நாட்களில் என்ன செய்தார் என்று அவரிடமும் கேளுங்கள்.